ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ: 14 இன்ச் எஃகு வீலை எடுத்துவிட்டு 17 இன்ச் அலாய் போடலாமா?

பெருந்துறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2021 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். கம்பெனியில் இருந்து வந்த எஃகு வீலும் 165/80 ஆர்14 டயரும்தான் இன்னும் ஓடுகிறது. டயர் பட்டன் தேய்ந்து, மாற்றச் சொல்லும் மார்க் வரைக்கும் வந்துவிட்டது, எப்படியும் நாலையும் மாற்ற வேண்டும், அதனால் கையோடு அலாயும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஈரோட்டில் ஒரு கடையில் 17 இன்ச் வீல், 205/45 டயர் காட்டினார்கள். கறுப்பு நிறம், முகப்பில் மட்டும் வெள்ளி வெட்டு, வண்டி பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிஜமாகவே வேறு காராகத் தெரிந்தது. "எங்கேயும் உரசாது சார், தைரியமாகப் போடுங்க" என்கிறார்கள். பழைய வீல்களை எடுத்துக்கொண்டு விலையில் கழித்தும் தருவார்களாம்.

தினமும் வேலைக்குப் போய் வருவது போக, குடும்பத்தோடு பழனி, திருச்சி என்று அடிக்கடி போவோம். அப்பாவுக்கு இடுப்பு வலி உண்டு, அதனால் பின் சீட்டில் குலுக்கல் அதிகமானால் சிரமம். மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும், சஸ்பென்ஷனுக்குக் கெடுதலா, இன்ஷூரன்ஸில் பிரச்சினை வருமா, 17 வேண்டாம் என்றால் 15 போதுமா 16 போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலம் டயர் பட்டறை:

தம்பி, நான் டயர் தொழிலில் இருப்பவன், அதனால் முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 165/80 ஆர்14 என்றால் டயர் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச். உங்கள் டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620 மி.மீ. கடைக்காரர் காட்டிய 205/45 ஆர்17 டயருக்கு 616. அதாவது வெளிச் சுற்று ஒன்றேதான், ஸ்பீடோமீட்டர் கெடாது, உரசாது என்பதும் ஓரளவு உண்மைதான். ஆனால் வெளிச் சுற்றை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால் அந்த இடம் டயரின் சைடுவாலில், அதாவது பக்கச்சுவரில் இருந்துதான் போகிறது. இப்போது உங்கள் சைடுவால் உயரம் 132 மி.மீ., அதில் 92 தான் மிஞ்சும். நாலு சென்டிமீட்டர் காற்று மெத்தையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்பா இடுப்புக்கு என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள்.

என் பட்டறைக்கு இந்த மாதிரி டயர்கள் எப்படி வருகின்றன என்று சொல்கிறேன். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி சரியாக மூடாத ரோடு, இருட்டு, 50 வேகத்தில் குழியின் விளிம்பில் ஏறி இறங்குகிறது. விளிம்புக்கும் ரிம் உதட்டுக்கும் நடுவில் சைடுவால் நசுங்கி உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும். அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு பார்த்தால் டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து நிற்கும். அதற்கு ஒட்டும் கிடையாது, வல்கனைசிங்கும் கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தப் புடைப்போடு ஹைவேயில் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கும், ஏனென்றால் வெடித்தால் எச்சரிக்கை கொடுத்துவிட்டு வெடிக்காது. எஃகு ரிம் வளைந்தால் தட்டி எடுத்துத் தந்துவிடுவேன். அலாய் லேசாக வளைந்தால் எடுக்கலாம், விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டச் சொல்ல என் மனம் ஒப்பாது.

இன்னொன்று, எடை தாங்கும் எண். உங்கள் டயரில் 85 என்று இருக்கும், ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 205/45 ஆர்17 இல் சாதாரண வகை 84 தான் வரும், அது 500 கிலோ. ஐந்து பேர், பின்னால் சாமான் என்று பழனிக்குக் கிளம்பும் வண்டிக்கு இந்த எண் குறையவே கூடாது. எக்ஸ்எல் என்று போட்ட, கூடுதல் எடை தாங்கும் வகையில் 88 கிடைக்கும், ஆனால் அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும், அதில் ஓட்டம் இன்னும் கல்லாகும்.

அப்புறம், ராத்திரி பத்து மணிக்கு ஒட்டன்சத்திரத்தில் டயர் போனால் 165/80 ஆர்14 எங்கேயாவது கிடைத்துவிடும். 205/45 ஆர்17 க்கு ஊர் ஊராக போன் போட வேண்டும்.

ஏற்காடு வளைவு:

அண்ணன் 17 பற்றிச் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய வீலே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அதில் கிடைப்பது வெறும் அழகு மட்டும் இல்லை. என் ஸ்விஃப்ட்டில் 16 இன்ச், 195/55 போட்டிருக்கிறேன். விட்டம் 621, கம்பெனி அளவுதான். கம்பெனி டயரில் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி முதலில் டயர்மேல் சாய்ந்து, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். சைடுவால் உயரமாகவும் டயர் ஒல்லியாகவும் இருப்பதால் வருவது அது. இப்போது கையைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. காய்ந்த ரோட்டில் திடீர் பிரேக் போட்டாலும் பிடிப்பு நன்றாகத் தெரிகிறது, அதில் பாதி நல்ல டயர் வாங்கியதால் என்றும் சொல்லிவிடுகிறேன். 14 இன்ச்சிலேயே நல்ல டயர் வாங்கியிருந்தாலும் கொஞ்சம் முன்னேற்றம் கிடைத்திருக்கும்.

கெட்டதையும் சொல்கிறேன். சிமென்ட் ரோட்டில் இரைச்சல் கூடிவிட்டது. மைலேஜ் கொஞ்சம் குறைந்தது, சிட்டிக்குள் நின்று நின்று போகும்போதுதான் அதிகம் தெரிகிறது. காரணம் எடை. வீலும் டயரும் சேர்ந்து கனமானால், அந்தக் கனம் வண்டியோடு நகர்வது மட்டும் இல்லை, சுற்றவும் வேண்டும், ஒவ்வொரு சிக்னலிலும் இன்ஜின் அதைச் சுழற்றிவிட வேண்டும், பிரேக் அதை நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை என்பதால் ஷாக் அப்சார்பருக்கும் வேலை அதிகம். மலிவான வார்ப்பு அலாய் சிலது எஃகு வீலைவிடக் கனமாக இருக்கும், அலாய் என்றாலே லேசு என்று நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள். கடையிலேயே தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள், தயங்கும் கடையை விட்டுவிடுங்கள்.

மழையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். ஐப்பசி மழையில் விக்கிரவாண்டி பக்கம் 90 இல் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் ஒரு நொடி காற்றில் சுற்றுவது போல ஆனால் தெரியும். பட்டன் ஆழம் இருக்கும்வரை சமாளிக்கலாம், 1.6 மி.மீ. மார்க் வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும்.

மொத்தத்தில் தனியாக ஓட்டுபவனுக்கு 16 சந்தோஷம். உங்கள் அப்பா பின் சீட்டில் என்றால் நானே 15 என்றுதான் சொல்வேன்.

கோவை லேத்துக்காரர்:

எல்லோரும் இன்ச்சிலேயே நிற்கிறீர்கள், ஆஃப்செட்டைப் பேசுங்கள் சார், அதாவது வண்டியில் போல்ட் போட்டு மாட்டும் முகம் வீல் அகலத்தின் நடுவில் இருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதை. வீலின் உள்பக்கம் ஈடி 45, ஈடி 35 என்று பொறித்திருக்கும். அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். உதாரணத்துக்கு இப்போது இருப்பது 5 இன்ச் அகலம், ஈடி 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 6.5 இன்ச், ஈடி 35 ஆக்கினால் வீலின் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் வீல் பேரிங் மீது விழும் நெம்புவிசை மாறிவிடும், ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கில் இழுப்பாக வரும், முழு லோடில் மட்கார்டு உதட்டில் டயர் உரசும். காலி வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி "எங்கேயும் உரசாது" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. நாலு பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு வேகத்தடை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு நாலு போல்ட், பிசிடி (போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. சந்தை அலாய்கள் பல வண்டிக்குப் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாகவே கடைந்து வைப்பார்கள். அந்த இடைவெளிக்கு வளையம் போடாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் வீல் நடுவில் உட்காராது, 80 தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை தடவை பேலன்சிங் பார்த்தாலும் போகாது. இரண்டு பிசிடிக்கும் சேர்த்து எட்டு ஓட்டை போட்ட வீல்கள் எனக்குப் பிடிக்காது, தேவையில்லாமல் உலோகம் குறைகிறது. நட்டின் கூம்பு வீலின் கூம்போடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள வீலாகப் பார்த்து எடுங்கள். மாட்டிய பிறகு ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டை மறுபடி பாருங்கள், கடையில் ஏர் கன்னால் இறுக்குவதோடு விட்டுவிடாதீர்கள்.

பாலிசி பார்ப்பவர்:

இன்ஷூரன்ஸ் கேட்டீர்கள். கம்பெனி தராத அலாய் போட்டால் அதைப் பாலிசியில் துணைப்பொருளாகச் சேர்த்து அதற்கான பிரீமியம் கட்டுங்கள், சேர்க்காத பொருளுக்கு இழப்பீடு எதிர்பார்க்கக் கூடாது. டயருக்குத் தனி விதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: வண்டிக்கும் சேர்த்து சேதம் ஆனால்தான் டயருக்குப் பணம், அதுவும் மாற்றும் செலவில் பாதி மட்டும். குழியில் விழுந்து டயர் மட்டும் புடைத்தால் சாதாரண பாலிசியில் ஒரு பைசா வராது. மேலே அண்ணன் சொன்ன புடைப்பு முழுக்க உங்கள் கைக்காசு.

சட்டப்படி, மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகவே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வந்தது. வெளியே துருத்தும் டயர்தான் முதலில் கண்ணில் படும். அதே மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தரும் அளவோடு நின்றுகொண்டால் யாரிடமும் வாதாட வேண்டிய அவசியம் இருக்காது.

பெருந்துறைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. 17 வேண்டாம், முடிவு செய்துவிட்டேன். மேல் வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐக்கு வரும் 15 இன்ச், 185/65 போடலாம் என்று இருக்கிறேன். புது வண்டி வாங்கியவர்கள் கழற்றி விற்ற கம்பெனி அலாய் கோவையில் ஒரு செட் இருக்கிறதாம். பழைய செட் வாங்கலாமா? ஸ்டெப்னி 14 இன்ச்சாகவே இருந்தால் பரவாயில்லையா?

சேலம் டயர் பட்டறை:

நல்ல முடிவு தம்பி. 185/65 ஆர்15 க்கு விட்டம் 621 தான், சைடுவால் 120 மிஞ்சுகிறது, எடை எண் 88, ஒரு டயருக்கு 560 கிலோ. இழந்ததும் குறைவு, பிடிப்பும் கூடும், அப்பாவுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஸ்டெப்னி 14 இருக்கட்டும், வெளிச் சுற்று ஒன்றாக இருப்பதால் பஞ்சர் கடை வரைக்கும் 80 க்குள் ஓட்டிப் போகலாம். ஆனால் எஃகு வீலுக்கான நட்டு அந்த அலாய்க்கும் உட்காருகிறதா என்று மாட்டும்போதே பாருங்கள், வேறு நட்டு என்றால் ஸ்டெப்னிக்கு உரியதை டிக்கியில் போட்டு வையுங்கள்.

பழைய செட் வாங்கலாம், ஆனால் வெளியில் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். டயரைக் கழற்றச் சொல்லி, வெறும் வீலைப் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றவிடுங்கள். உள் உதட்டைப் பாருங்கள், அடி அங்கேதான் விழும், வெளியே தெரியாது. ஆரம் (ஸ்போக்) ரிம்மோடு சேரும் இடத்தில் துணியால் துடைத்து டார்ச் அடித்தால் முடி மாதிரி விரிசல் இருந்தாலும் தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீல் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். டயரோடு கொடுத்தால் சைடுவாலில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பழைய டயர் வேண்டாம், வீலை மட்டும் விலை பேசுங்கள்.

உங்கள் எஃகு வீல் நாலையும் கடைக்காரருக்குக் கழிவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், அலாய் தனியாகவும் விலை போகும்.