சக்கர் ஃபிஷ் பாசியைத் தொடவே மாட்டேங்குது, ராத்திரி ஆனா கோல்டு ஃபிஷ் மேல போய் ஒட்டிக்குது, என்ன பண்றது?

தெப்பக்குளம்77:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல இருந்து எழுதுறேன். வீட்ல ரெண்டடி டேங்க், 24க்கு 12, உயரம் 15 இன்ச். மூணு கோல்டு ஃபிஷ் இருக்கு. கண்ணாடில பிரவுன் கலர்ல வழவழன்னு படிஞ்சுக்கிட்டே இருக்குன்னு கடைல கேட்டதுக்கு "ஒரு டேங்க் கிளீனரைப் போடுங்க சார், அப்புறம் கழுவுற வேலையே இருக்காது"ன்னு சொல்லி விரல் நீளத்துக்கு ஒரு சக்கர் குடுத்தாங்க. வாங்குன புதுசுல நல்லாத்தான் கண்ணாடியை நக்கிட்டு இருந்துச்சு, இப்ப அரையடிக்கு வளந்துருச்சு, பாசிப்பக்கமே போறதில்ல, பகல் பூரா ஃபில்டர் பின்னாடி படுத்துக்கிடக்கு. அதுகூடப் பரவால்ல, நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சப்ப பாத்தா பெரிய கோல்டு ஃபிஷ்ஷோட விலாவுல அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. காலைல பாத்தா அந்த எடத்துல செதில் உதிந்து செவப்பா இருக்கு. கண்ணாடியும் பழைய மாதிரியே அழுக்காத்தான் இருக்கு. ஒரு சக்கர் பத்தலையோ, இன்னொண்ணு வாங்கணுமா? காயத்துக்கு கல்லுப்பு போடலாமா?

நெத்திலி:
ப்ரோ ஒண்ணு பத்தாது, ரெண்டு போடுங்க, ஒண்ணு சோம்பேறியா இருந்தாலும் இன்னொண்ணு வேலை பாக்கும் 😀

கொளத்தூர்வாசி:
நெத்திலி சொல்றதக் கேட்டு தயவுசெஞ்சு வாங்கிடாதீங்க. முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. முதுகு துடுப்பை விரிக்கிறப்ப முன்னாடி இருக்கிற முள்ளை விட்டுட்டு எத்தனை கதிர், அதான் துடுப்பைத் தாங்குற குச்சி, இருக்குன்னு எண்ணுங்க. கண்ணாடில ஒட்டுறப்ப வயித்துப்பக்கம் புள்ளியா இருக்கா இல்ல புழு நெளிஞ்ச மாதிரி கோடா இருக்கா பாருங்க. லைட் எவ்ளோ நேரம் எரியுது, ஜன்னல் பக்கமா டேங்க், சக்கருக்குன்னு தனியா என்ன சாப்பாடு போடுறீங்க? உப்பு இப்போதைக்கு அந்த டேங்க்ல போட்டுறாதீங்க.

தெப்பக்குளம்77:
எண்ணிட்டேன்ணே, பன்னெண்டு வருது. வயித்துல கோடு கோடா நெளிநெளியா இருக்கு. டேங்க் ஹால்ல ஜன்னலை ஒட்டி இருக்கு, காலைல வெயில் அடிக்கும், லைட் நாங்க எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் எரியும், புள்ளைகளுக்கு அதான் புடிக்குது. சாப்பாடு... சக்கருக்கு தனியா போடணுமா? பாசி தின்னுக்கும்னுதான சொன்னாங்க?

கொளத்தூர்வாசி:
தம்பி, இந்தக் கடைசி வரிலதான் எல்லாமே இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

கதிர் பத்துக்கு மேல இருந்தா அது டெரிகோப்ளிக்திஸ்ங்கிற பேரினம், சொந்த ஊர் தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். நம்மூர்ல சக்கர்னும் டேங்க் கிளீனர்னும் சல்லிசா விக்கிறது பெரும்பாலும் இதுதான், கோடு போட்டதும் புள்ளி போட்டதும் கலந்த கலப்பும் நிறைய வருது, அதனால வயித்தை வெச்சு இனத்தை அடிச்சுச் சொல்ல முடியாது. அது முக்கியமும் இல்ல. முக்கியம் என்னன்னா இது ஒன்றரை அடி வரைக்கும் வளர்ற மீன், நல்லா வெச்சுக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். உங்க டேங்க்கோட அகலமே ஒரு அடி, வளந்துட்டா திரும்பக்கூட முடியாது.

குட்டியா இருக்கிறப்ப பாசி நல்லாத் திங்கும். வளர வளர கண்ணாடில இருக்கிற அந்த மெல்லிசு படலம் அதுக்கு எந்த மூலைக்குப் பத்தும்? நீங்க கோல்டு ஃபிஷ்ஷுக்குப் போடுற பெல்லட்ல கீழ விழுறதப் பொறுக்கித் தின்னு பழகிருக்கும், அதுவும் பத்தாம பசில இருக்கு. இது ராத்திரி நடமாடுற மீன், கோல்டு ஃபிஷ் ராத்திரில அசையாம நிக்கும், தட்டையான அகலமான உடம்பு, மேல வழவழப்பு, அந்த வழவழப்புல புரதம் இருக்கு. ஒருதடவை ருசி கண்டுட்டா விடாது. டிஸ்கஸ்ங்கிற தட்டை மீன் வளக்குறவங்களும் இதே பிரச்சனையத்தான் சொல்லுவாங்க.

இன்னொரு விஷயம், இத யாரும் கடைல சொல்ல மாட்டாங்க. சக்கர் அழுக்கைக் குறைக்கிற மீன் இல்ல, கூட்டுற மீன். நீளநீளமா நூல் மாதிரி கழிவு போடுது பாத்திருப்பீங்களே, அதோட கோல்டு ஃபிஷ் கழிவும் சேருது, கோல்டு ஃபிஷ்ஷே பெரிய அழுக்குப்பார்ட்டி. எல்லாம் சேர்ந்து அமோனியா, அது ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியாவால நைட்ரைட்டாகி நைட்ரேட்டாகும், நைட்ரேட்டும் வெளிச்சமும் இருந்தா பாசிக்கு வேற என்ன வேணும்? நீங்க பாசிக்கு எரு போட ஒரு ஆளை வெச்சிருக்கீங்க, அவ்ளோதான்.

பச்சைத்தண்ணி:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எல்லா சக்கரும் ஒட்டும்னு பயமுறுத்தாதீங்க. எங்க வீட்ல நாலடி டேங்க்ல கோல்டு ஃபிஷ்ஷும் சக்கரும் வருஷக்கணக்கா இருக்கு, ஒரு கீறல் கிடையாது.

கொளத்தூர்வாசி:
நாலடி டேங்க், ரெண்டாவது நீங்க அதுக்கு சாப்பாடு போடுவீங்களே?

பச்சைத்தண்ணி:
ஆமா, லைட் அணைச்சப்புறம் வேஃபர், அதான் அடில போய் நிக்கிற வில்லைத் தீவனம், போடுவேன், நடுநடுல வெள்ளரி, சுரைக்காய். ஒரு துண்டை வெந்நீர்ல லேசா வாட்டி முள்கரண்டில குத்தி அடில போட்டா காலைல தோல் மட்டும் கெடக்கும். மிச்சத்தைக் காலைல எடுத்துடணும், இல்லன்னா தண்ணி கெட்டுரும். பெரிய மரக்கட்டை ஒண்ணும் கெடக்கு, பகல்ல அதுக்கடிலதான் ஐயா தூக்கம்.

தெப்பக்குளம்77:
அய்யோ நான் ஒண்ணுமே போடலியே. சரி இன்னைக்கே சுரைக்காய் போடுறேன். ஆனா கோல்டு ஃபிஷ் காயத்துக்கு என்ன பண்ண? சக்கரை வெச்சுக்க முடியாதுன்னு புரியுது, அத எங்க விடுறது?

நெத்திலி:
உங்க பேர்லயே தெப்பக்குளம் இருக்கே ப்ரோ, இல்லன்னா வண்டியூர் கண்மாய் பக்கத்துலதான, விட்ருங்க, பாவம் பொழச்சுக்கும்.

வலைக்காரன்பேரன்:
இந்த மாதிரி பேசுறவங்களாலதான் எங்க பொழப்பு நாறுது. பொழச்சுக்கும், அதான் பிரச்சனையே. எங்க தாத்தா, அப்பா எல்லாம் கண்மாய்ல மீன் புடிச்சவங்க. முன்னாடி ஜிலேபி, கெண்டை, விரால் வரும், இப்ப வலை இழுத்தா இதுவும் கூடவே வருது. உடம்பு பூரா எலும்புத்தகடு, மார்புத்துடுப்புல ரம்பம் மாதிரி முள்ளு, தங்கூசி வலைல மாட்டுனா முள்ளை விரிச்சு வெச்சுக்கும், எடுக்கவே முடியாது, வலையத்தான் அறுக்கணும். கிலோ என்ன வெலைன்னு கேக்க ஒரு ஆள் வரமாட்டாங்க. கரைல தூக்கிப்போட்டாலும் சீக்கிரம் சாகாது, வயித்தாலயே காத்தை உறிஞ்சிக்கிட்டு மணிக்கணக்குல கெடக்கும், தண்ணி வத்தி சேறான கண்மாய்லயும் கெடக்கும். முட்டை போடுறதுக்கு கரைல வளை தோண்டும், மண்கரை அரிச்சுப்போகும். வண்டியூர் கண்மாய்ல இது இருக்குன்னு பேப்பர்லயே வந்துச்சு, கல்கத்தா பக்கம் சதுப்புநில மீன் பண்ணைலயும் இதே கதைதான். இது எதுவும் அமேசான்ல இருந்து நீந்தி வரல, பெரும்பாலும் வீட்ல வளத்துட்டு எடம் பத்தலன்னு கொண்டாந்து விட்டதுதான்.

நெத்திலி:
அண்ணே மன்னிச்சுக்கங்க, தெரியாது எனக்கு.

கொளத்தூர்வாசி:
பேரன் சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் சேக்க வேண்டியதில்ல. தெப்பக்குளம் தம்பி, பெரிய டேங்க் வெச்சிருக்கிற கடைக்காரங்க சும்மா குடுத்தா வாங்கிப்பாங்க, சிமெண்ட் தொட்டி வெச்சு வளக்குறவங்களும் எடுத்துப்பாங்க, கேட்டுப் பாருங்க. புடிக்கிறப்ப சின்ன கை வலை வேணாம், முள்ளு மாட்டிக்கும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஓட்டி எடுங்க.

காயம்பட்ட மீனைத் தனியா ஒரு பக்கெட்லயோ டப்லயோ ஏர் ஸ்டோன் போட்டு வைங்க. லிட்டருக்கு 1ல இருந்து 3 கிராம் வரைக்கும் அயோடின் சேக்காத கல்லுப்பு கோல்டு ஃபிஷ் தாங்கும். ஒரேயடியா கொட்டாம கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, தண்ணியை தினம் பாதி மாத்துங்க, மாத்துறப்ப புதுசா ஊத்துற தண்ணிக்கு மட்டும் உப்பு சேருங்க. கார்ப்பரேஷன் தண்ணின்னா ஆன்டி குளோரின் மறக்கக்கூடாது. சக்கர் இருக்கிற டேங்க்ல உப்பு போட வேணாம்னது இதனாலதான், கெளுத்தி வகை மீனுங்களுக்கு உப்பும் மருந்தும் அவ்வளவா ஒத்துக்காது.

பாசிக்கு: லைட்டுக்கு ஒரு டைமர் மாட்டி ஆறு ஏழு மணி நேரத்தோட நிறுத்துங்க, ஜன்னல் பக்க கண்ணாடில வெயில் படாம காகித அட்டை ஒட்டுங்க, வாராவாரம் சைஃபன் ட்யூப் போட்டு அடில இருக்கிற கழிவோட மூணுல ஒரு பங்கு தண்ணியை உறிஞ்சுங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாய்ல கழுவாதீங்க, எடுத்த டேங்க் தண்ணிலயே பிழிங்க, இல்லன்னா நல்ல பாக்டீரியா போயிடும்.

தெப்பக்குளம்77:
அப்டேட் போடுறேன். சொன்ன மாதிரியே செஞ்சேன். சக்கரை வேற ஒரு கடைல பெரிய தொட்டில விட வாங்கிக்கிட்டாங்க, டப்பா மேட்டர் சூப்பர், வலை போட்டிருந்தா சிக்கிருக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு செவப்பு மறைஞ்சிருச்சு, செதில் இன்னும் வரல, ஆனா நல்லா சாப்பிடுது. கண்ணாடில பிரவுன் ரொம்பக் குறைஞ்சிருக்கு, ஆனா சின்னச்சின்ன பச்சைப்புள்ளி கெட்டியா ஒட்டிருக்கு, ஸ்பாஞ்ச் வெச்சுத் தேச்சாலும் போகல. பெருசா வளராத சக்கர் எதாவது இருக்கா? ஆன்சிஸ்ட்ரஸ், ஓட்டோன்னு எல்லாம் சொல்றாங்களே.

மீனம்மா:
நான் ஆன்சிஸ்ட்ரஸ் வெச்சிருக்கேன், அதனால சொல்றேன். அது அஞ்சாறு இன்ச்சோட நின்னுரும், ஆண் மீனுக்கு மூஞ்சில மீசை மாதிரி கொம்பு கொம்பா இருக்கும், கரண்டுறதுக்கு மரக்கட்டை வேணும், பாசி நல்லாவே திங்கும். ஆனா உங்க டேங்க் மொத்தமே 70 லிட்டர் சொச்சம், மூணு கோல்டு ஃபிஷ்ஷுக்கே அது பத்தாது, அதுல இன்னொரு ஜீவன் வேணாம் தம்பி. ஓட்டோ ரெண்டு இன்ச்சுக்கும் கம்மி, கோல்டு ஃபிஷ் வாய்க்குள்ள போட்டுப் பாக்கும், துடுப்பு முள்ளு தொண்டைல மாட்டிக்கிட்டா ரெண்டும் போச்சு. அதுபோக புது டேங்க்ல ஓட்டோ பசில செத்துரும், பாசி ஊறுன பழைய டேங்க்லதான் நிக்கும். கடைல சைனீஸ் ஆல்கே ஈட்டர்னு மஞ்சளா ஒண்ணு காட்டுவாங்க, அது கெளுத்தியே இல்ல, பெருசானா சக்கரை விட மோசமா ஒட்டும், அதுவும் வேணாம்.

தெப்பக்குளம்77:
அப்ப அந்த பச்சைப்புள்ளிக்கு என்னக்கா பண்றது?

மீனம்மா:
டேங்க் கண்ணாடியா அக்ரிலிக்கா?

தெப்பக்குளம்77:
கண்ணாடிதான்.

மீனம்மா:
அப்ப தயங்காம பிளேடு போடுங்க, பெயிண்ட் சுரண்டுற கைப்பிடி வெச்ச பிளேடு ஹார்டுவேர் கடைல கிடைக்கும், புதுசா துரு இல்லாம இருக்கணும். கண்ணாடியோட ஒட்டுனாப்ல சாய்ச்சு வெச்சு இழுங்க, நடுல மணல் மாட்டாமப் பாத்துக்குங்க, கீறல் விழுந்துரும். மூலைல இருக்கிற சிலிகான்ல மட்டும் பிளேடு படவே கூடாது.