லினக்ஸ் மின்ட் 22 போட்டாச்சு, தமிழ்99 கீபோர்டு லேஅவுட் எப்படி வர வைக்கிறது?

பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், ப்ராசஸர் பழசுங்கறதால விண்டோஸ் 11 ஏறல, சரினு நேத்து நைட்டு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22ங்கற இலவச ஓஎஸ்ஸோட சின்னமன் எடிஷனை பென்டிரைவ்ல ஏத்தி, லைவ்லயே (இன்ஸ்டால் பண்ணாமலே) ஓட்டிப் பாத்துட்டு இன்ஸ்டால் பண்ணிட்டேன். மெனு எல்லாம் பழகின மாதிரியே இருக்கு, அம்மாவே யாரையும் கேக்காம ஃபயர்ஃபாக்ஸ் திறந்துட்டாங்க! வைஃபைதான் வரல. தமிழ்99க்கும் வழி சொல்லுங்க.

பதில் 1:
போனை யூஎஸ்பில சொருகி டெதரிங் (போன் நெட்டை லேப்டாப்புக்குக் குடுக்கறது) போடுங்க ப்ரோ, நெட் வந்ததும் டிரைவர் மேனேஜர்ல பாருங்க. தமிழ்ல டைப் பண்றதுக்கு ஐபஸ்-எம்17என்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதைப் போட்டுட்டு லாகவுட் பண்ணி வாங்க.

பதில் 2:
4 ஜிபிக்கு சின்னமன் கொஞ்சம் கனம்தான், எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் இன்னும் லேசு. எதையும் நோண்டறதுக்கு முன்னாடி டைம்ஷிஃப்ட்ங்கற பேக்கப் டூல்ல சிஸ்டத்தை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துடுங்க. மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்.

கேட்டவர்:
வைஃபை வந்துருச்சு, இதை தமிழ்99லதான் அடிக்கிறேன் 😀