மிகுநெடுஞ்சங்கிலிக் கொழுப்பமிலம்: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் very long-chain fatty acid எனப்படும், கார்பன் அணுக்கள் மிக நீண்ட சங்கிலியாகக் கோத்திருக்கும் கொழுப்பு அமிலத்துக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் 'மிக நீண்ட சங்கிலி கொழுப்பு அமிலம்' பொருளைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அது விளக்கம், பெயரல்ல. வேற்றுமை உருபு ஏற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், திணறும். இங்கே ஓர் ஐயா முன்வைத்த 'பெருந்தொடர்' ஓசையில் அழகு. ஆனால் வேதியியலில் 'தொடர்' ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது, சங்கிலியை விடவேண்டாம். என் பரிந்துரை 'மிகுநெடுஞ்சங்கிலிக் கொழுப்பமிலம்'.

இதைத் தனிச்சொல்லாகப் பார்க்காமல் வரிசையோடு பாருங்கள். வெண்ணெயில் இருக்கும் 4 கார்பன் பியூட்டிரிக் அமிலம் குறுஞ்சங்கிலி. தேங்காயெண்ணெயின் 12 கார்பன் லாரிக் அமிலம் இடைச்சங்கிலி. 16, 18 கார்பன் உள்ள பால்மிடிக், ஒலியிக் எல்லாம் நெடுஞ்சங்கிலி. குறுஞ்செய்தியும் நெடுஞ்சாலையும் புழங்கும் வாய்க்கு இவை புதிதல்ல. 22 கார்பனும் அதற்கு மேலும் வந்தால் மிகுநெடுஞ்சங்கிலி. அந்த எல்லையிலேயே நிற்கும் 22 கார்பன் பெஹனிக் அமிலம் பெயர் பெற்றது முருங்கை விதை எண்ணெயிலிருந்து. மொரிங்கா என்ற தாவரவியல் பெயருக்கும் மூலம் நம் முருங்கைதான். கடுகெண்ணெயின் எரூசிக் அமிலமும் 22தான். தேன்மெழுகின் செரோடிக் அமிலத்துக்கு 26.

'மீநெடு' ஏன் கூடாது என்று இங்கே ஓர் அம்மா கேட்டிருந்தார். கூடாது என்பதில்லை, அது மேல்படிக்கு வேண்டும். 26 அல்லது 28 கார்பனுக்கு மேற்பட்டவற்றை ஆய்வாளர்கள் தனி வகுப்பாகவே பிரிக்கிறார்கள் (எல்லையில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு). தோலின் மேலடுக்கில் நீர் வெளியேறாமல் தடுக்கும் செராமைடு என்ற கொழுப்புப் பொருள்களில் அத்தகைய சங்கிலிகள் 30 கார்பனையும் தாண்டுகின்றன, விழித்திரையிலும் உண்டு. மீயொலி என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆகவே 'மீ' அங்கே போகட்டும். 'மிகு' இந்த இடத்துக்குப் போதும். பாரத மிகுமின் நிறுவனத்தில் ஏற்கெனவே புழங்கும் முன்னொட்டுதான்.

எல்லை ஏன் 22 என்ற கேள்விக்கு வருகிறேன். வெறும் நீளக் கணக்கில்லை இது. சாதாரண நெடுஞ்சங்கிலியை உயிரணுவின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா நேரடியாக எரித்துவிடும். மிகுநெடு வந்தால் முதலில் உயிரணுவின் இன்னொரு நுண்ணுறுப்பான பெராக்ஸிசோமுக்குள் போகவேண்டும். அங்கே இரண்டிரண்டு கார்பனாக வெட்டிக் குறுக்கிய பிறகுதான் மீதி வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வரும். சங்கிலியை நீட்டுவதும் இரண்டிரண்டாகத்தான், ஆனால் அது எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற உயிரணுவின் சவ்வு வலையில் நடக்கிறது.

பெராக்ஸிசோமின் வாசலில் இவற்றை உள்ளே விடும் ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; 1993இல் அடையாளம் கண்டார்கள். அது பழுதானால் 26 கார்பன் அமிலம் உடலில் சேரும், அட்ரினல் சுரப்பியும் மூளையின் வெண்பொருளும் பாதிக்கப்படும். அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோஃபி என்பது இந்த நோய்தான். கடுமையாகத் தாக்குவது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை. இரத்தப் பரிசோதனையில் 26 கார்பன் அமிலத்தின் அளவையும், 22 கார்பன் அமிலத்துக்கு அது எத்தனை பங்கு என்பதையும் பார்ப்பார்கள். அந்த அறிக்கையைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டிய மருத்துவருக்குத்தான் நம் சொல் முதலில் தேவைப்படும். ஆய்வுக்கட்டுரை அப்புறம்.

சொல் நீளம், நாக்கு சுளுக்கும் என்ற புகார் வரும், தெரியும். முதல் தடவை முழுப்பெயர், பிறகு 'மிகுநெடு அமிலம்' என்று எழுதலாம். கொழுப்பமிலமா கொழுப்பு அமிலமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை; கூட்டுச்சொல்லில் சேர்த்து எழுதினால் வாசிக்க இலகு, அவ்வளவே. கார்பனை இலங்கை நண்பர்கள் காபன் என்றே வைத்துக்கொள்ளட்டும், தலைச்சொல்லில் அது வரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. மீனெண்ணெயில் உள்ள டி.எச்.ஏ. (DHA) என்ற ஒமேகா-3 கொழுப்பமிலத்துக்குச் சரியாக 22 கார்பன். நம் கணக்குப்படி அது மிகுநெடு. ஆனால் ஊட்டச்சத்துத் துறையினர் அதை நெடுஞ்சங்கிலிப் பல்நிறைவுறா (பல இரட்டைப் பிணைப்புள்ள) அமிலம் என்றே எழுதுகிறார்கள். கலைச்சொல் பதிவில் கார்பன் எண்ணிக்கையை வரையறையாகப் போட்டு, டி.எச்.ஏ.வுக்குத் தனிக்குறிப்பு சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். உயிர்வேதியியல் பாடம் எடுப்பவர்கள் யாராவது அந்தக் குறிப்பை இரண்டு வரியில் எழுதித் தந்தால் நல்லது.