கொழும்பில் ஆளுக்கு 15,000 ரூபாவுக்குள் போடிங் (வாடகை அறை) கிடைக்குமா?

வாவிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கொழும்பு கம்பஸில் கலைப்பீடம். முதல் வருடம் ஹொஸ்டல் தந்தார்கள், இரண்டாம் வருடத்துக்கு இல்லை என்றுவிட்டார்கள். நானும் என்னுடைய பட்ச் பிள்ளை ஒருத்தியும் சேர்ந்து அறை தேடுகிறோம். ஆளுக்கு 15,000 வரைதான் வீட்டில் தர முடியும். மஹாபொல உதவிப்பணம் 2025இல் 5,000 இலிருந்து 7,500 ஆனது சந்தோஷம்தான், ஆனால் அது சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்குமே காணாது. வெள்ளவத்தையில் கேட்ட வீடெல்லாம் ஆறு மாத அட்வான்ஸ், அதுவும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்றால்தான் தருவோம் என்கிறார்கள். அம்மாவுக்கோ வெள்ளவத்தையைத் தவிர வேறு இடம் என்றாலே பயம். எங்கே தேடலாம், வீடு பார்க்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

பின்சீட்:
தங்கச்சி, ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், பஸ் இலக்கத்தை வைத்துத் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியது கம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிற தும்முல்ல சந்தி வழியாகப் போகிற ஒரு பஸ், அவ்வளவுதான். 138 நுகேகொடை, மஹரகம பக்கமிருந்து வரும். 120 பிலியந்தலை, கொஹுவளைப் பக்கமிருந்து வரும். 155 தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று காலி வீதியால் வந்து கம்பஸைத் தாண்டி மட்டக்குளிக்குப் போகும். இந்த மூன்று பாதைகளிலும் காலி வீதியை விட்டு உள்ளே போகப் போக வாடகை இறங்கும். கொஹுவளையிலும் களுபோவிலையிலும் தமிழ், முஸ்லிம் வீடுகள் நிறைய இருக்கின்றன, அம்மாவுக்கு அதைச் சொல்லுங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கமும் பாருங்கள், கோயில், கடை எல்லாம் நம் ஆட்கள்தான். ஏனோ கம்பஸ் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வத்தளை வேண்டாம் என்பேன். வாடகை குறைவுதான், ஆனால் காலையில் களனிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எட்டு மணி லெக்சர் முடிந்துவிடும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மலிவாக ஏதாவது வந்தால் கீழ்மாடியா என்று கேளுங்கள். 2016 வெள்ளத்தில் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அயல் வீட்டில் விசாரித்தாலே போதும்.

சுடுதண்ணி_கேத்தல்:
அண்ணா சொன்னது சரி, ஆனால் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் பெண்கள் போடிங்கில் இருந்து படித்து முடித்தவள், அதனால் சொல்கிறேன். கரண்ட் பில்லை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக் கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறும், மாதம் 60 யுனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு, 180ஐத் தாண்டினால் உச்ச விலை. எட்டுப் பேர் ஒரே மீட்டரில் இருந்தால் நீங்கள் ஒரு ஃபேனும் ஒரு சார்ஜரும் பாவித்தாலும், பக்கத்து அறைக்காரி அயர்ன் பண்ணுவதற்கும் சேர்த்து உச்ச விலையில்தான் பங்கு கட்டுவீர்கள். தனி மீட்டர் இருக்கிறதாம் என்று சொன்னால் ஒரு யுனிட்டுக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்று கேளுங்கள், சில வீடுகளில் அதிலும் இலாபம் வைப்பார்கள்.

அடுத்தது சமையல். சமைக்க விடாத வீடு 12,000 என்றால் அது மலிவே இல்லை, மூன்று நேரமும் பார்சல் வாங்கிப் பாருங்கள், தெரியும். ரைஸ் குக்கர் ஒன்றாவது வைக்கலாம் என்று வீட்டுக்காரர் வாயாலேயே சொல்ல வையுங்கள். இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள், அம்மா வந்தால் ஒரு இரவு தங்கலாமா என்பதையும் கேளுங்கள்.

அட்வான்ஸ் என்பது இரண்டு விதம். மாதாமாதம் வாடகையில் கழிப்பது ஒன்று, கடைசியில் திருப்பித் தருவது மற்றது. வீட்டுக்காரர் ஒன்றை நினைப்பார், நீங்கள் மற்றதை நினைப்பீர்கள், அறையை விட்டுப் போகும்போதுதான் சண்டை வரும். எது என்று எழுதி வாங்குங்கள், காசு கொடுக்கும்போதெல்லாம் கையால் எழுதிய பற்றுச்சீட்டு என்றாலும் வாங்குங்கள். இன்னொன்று, 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போனதே, ஊரில் இருந்துகொண்டு வெறும் அறைக்கு முழு வாடகை கட்டிய பிள்ளைகள் எத்தனை பேர்! கம்பஸ் மூடினால் பாதி வாடகை என்று முதலிலேயே பேசிப் பாருங்கள். சிலர் சம்மதிப்பார்கள்.

மாடிவீட்டு அன்ரி:
நான் வெள்ளவத்தையில் அறை வாடகைக்குக் கொடுக்கிற ஆள், எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள், நானும் ஒன்று சொல்லட்டுமா? கம்பஸ் பிள்ளைகள் வேண்டாம் என்பது பிள்ளைகளில் உள்ள கோபத்தில் இல்லை. இரண்டு பேர் என்று வந்து பரீட்சைக் காலத்தில் ஐந்து பேர் படுக்கிறார்கள், தண்ணித் தாங்கி விடியற்காலையிலேயே காலி. பிள்ளை, தாயோ தகப்பனோ ஒருதரம் நேரில் வந்து கதைத்தால் ஆறு மாதம் கேட்கிறவர்களும் மூன்று மாதத்துக்கு இறங்குவார்கள், நானே இறங்கியிருக்கிறேன். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம் இரண்டையும் கையோடு கொண்டு வாருங்கள். ஞாயிறு வீரகேசரியில் வாடகைப் பகுதியையும் பாருங்கள், எங்களைப் போல வயசான ஆட்கள் பேஸ்புக்கில் போடமாட்டோம். அதில் 'தரகர் வேண்டாம்' என்று போட்டிருக்கிற வீடாகப் பார்த்து எடுங்கள்.

நாலுபேர்_அனெக்ஸ்:
ஏன் அறை? இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து தெஹிவளையில் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டின, தனி வாசல் உள்ள சின்ன வீடு) எடுங்கள், சமையலும் உங்கள் கையில், கேட் சாவியும் உங்கள் கையில்.

சுடுதண்ணி_கேத்தல்:
@நாலுபேர்_அனெக்ஸ் நல்ல யோசனைதான், நாலு பேரும் கடைசி வரை இருந்தால். ஒருத்தி நடுவில் போனால் அவளுடைய பங்கை மற்ற மூன்று பேர்தான் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் நாலு பேருடைய பெயரும் இருக்கட்டும், போகிறவள் தனக்குப் பதில் ஆள் பிடித்துத் தந்துவிட்டுப் போக வேண்டும் என்று உங்களுக்குள் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சீட்:
இக்மன் விளம்பரத் தளத்தில் பார்க்கும்போது ஒரு விஷயம். அறையைக் காட்டாமல் 'நிறையப் பேர் கேட்கிறார்கள், பிடித்து வைக்க ஐயாயிரம் போட்டு விடுங்கள்' என்றால் போனை வைத்துவிடுங்கள். நல்ல வீட்டுக்காரர் யாரும் ஆளைப் பார்க்காமல் காசு கேட்கமாட்டார்.

வாவிக்கரை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. அனெக்ஸுக்கு நாலு பேர் சேர மாட்டார்கள், அதனால் அறைதான். அடுத்த கிழமை அம்மா வருகிறா, சனிக்கிழமை கொஹுவளைப் பக்கம் பார்க்கப் போகிறோம். அன்ரி, உங்கள் வீட்டில் இப்போது அறை ஏதும் காலியா?

மாடிவீட்டு அன்ரி:
இப்போது இல்லை பிள்ளை, ஒருத்தி ஆவணியில் போகிறாள். கொஹுவளை சரிவராவிட்டால் உள்பெட்டிக்கு எழுது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.