மறுமொழி: 'ஓபன் ஸ்பேஸ்' – திறந்தவெளியா, விடுவெளியா?

எல்லாருக்கும் வணக்கம். நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் 'ஓபன் ஸ்பேஸ்' (open space) என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். வந்த பதில்களுக்கு என் மறுமொழி இது. முதலில் ஒருவர் கேட்டது:

> சென்னையில் ஓ.எஸ்.ஆர். நிலம் என்றால் ஆட்டோக்காரருக்கும் புரியும். எழுத்தில் 'திறந்தவெளி ஒதுக்கீடு'. இருக்கிற சொல்லை விட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

நியாயமான கேள்விதான். இலங்கையிலும் 1986ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதிகளின்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், வீதி போக மிச்சத்தில் 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும் என்று இருந்தது. அதைத் திறந்தவெளி என்று எழுதினால் பிழையில்லை. பெடியள் பந்தடிக்கலாம், ஊஞ்சல் கட்டலாம்.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரையின் சங்கதி வேறு. அது அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பக்கத்துச் சிற்றூர்களைப் பற்றியது. அங்குள்ள மாநிலங்களில் மாசசூசெட்ஸ் 1957இலும் நியூ ஹாம்ப்ஷயர் 1963இலும், ஊர்கள் தமக்கென ஒரு பேணல் ஆணைக்குழு (கன்சர்வேஷன் கமிஷன்) வைத்துக்கொள்ளச் சட்டம் போட்டன. அந்தக் குழுவினர் வரைபடத்தை விரித்து, எந்த வயலில், எந்தக் காட்டில், எந்தச் சதுப்பில் கட்டடம் ஏறக் கூடாது என்று குறிக்கிறார்கள். அந்த நிலங்களை வாங்கும் பணத்துக்கு ஊர்க்கூட்டம் வாக்களிக்க வேண்டும். பல இடங்களில் காணியை வாங்குவதே இல்லை, அதில் கட்டும் உரிமையை மட்டும் வாங்கிவிடுகிறார்கள். (அந்த ஏற்பாட்டுக்கு என்ன சொல் என்பது தனி இழைக்கு உரிய தலையிடி.) காணி விவசாயியிடமே இருக்கும், வேலியும் இருக்கும், 'உள்ளே வராதே' என்று பலகைகூடத் தொங்கலாம். அதுவும் அவர்களுக்கு ஓபன் ஸ்பேஸ்தான். படலை பூட்டிக் கிடப்பதைத் திறந்தவெளி என்று எப்படி எழுதுவது? 'பொதுவெளி'யும் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

'பசுமைவெளி' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்புத்தரையும் கடற்கரை மணலும் எந்தக் காலத்தில் பசுமையாக இருந்தன?

'வெறுநிலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் நான் கடுமையாக எதிர்ப்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த காணி இருந்தது. சித்திரையில் வெடித்துக் கிடக்கும், ஸ்டம்புக்குத் தென்னம்மட்டை நட்டு விளையாடுவோம். மார்கழியில் முழங்கால் தண்ணீர். கொக்கு நிற்கும், மாடு வராது. எல்லாரும் அதை 'வெறுங்காணி' என்றுதான் சொன்னோம். வெறுமனே கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது, இல்லையா? ஒரு வருடம் டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, பத்துப் பத்துப் பேர்ச்சாக விற்றார்கள். அந்த மாரியில் தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் குசினிக்குள் வந்தது. அரிசி வாளியைக் கட்டிலில் ஏற்றிவைத்து இரண்டு இரவு இருந்தோம். அந்தக் காணி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர்தான் பிழை.

அதனால் 'வெளி'யை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வரிசையாக வரும். எங்களுக்கு அது அந்நியச் சொல் அல்ல. அதற்கு முன்னால் என்ன அடைமொழி போடுவது என்பதுதான் கேள்வி.

மதுரை அண்ணன் சொன்ன 'கட்டாவெளி' எனக்குப் பிடித்திருந்தது. குச்சவெளிக்கு அடுத்த ஊர் போல இருக்கிறது! ஆனால் அது இல்லாததைச் சொல்லியே நிற்கிறது. இன்னும் கட்டவில்லை, நாளைக்குக் கட்டலாம் என்றும் கேட்கிறது.

என் முன்மொழிவு 'விடுவெளி'. இங்கே கிழக்கிலங்கையில் ஆட்கள் பேசுவதைக் கேளுங்கள்: "ரோட்டுக்கு மூன்று அடி விட்டுத்தான் மதில் கட்ட வேணும்", "வாய்க்காலுக்கு விட்ட துண்டு". விடுவது என்றால் மறந்துபோய் விடுவதல்ல, யோசித்து விடுவது. அப்புறம், இது வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி: விட்ட வெளி, விடுகின்ற வெளி, விடும் வெளி. முன்னோர் விட்டதையும் இனி நாங்கள் விடப்போவதையும் ஒரே சொல் தாங்கும். திட்டமிடலுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். உடனே கேட்டா: "ஆமி விட்ட காணியோ?" சம்பூர்ப் பக்கம் போரில் படையினர் பிடித்த காணிகளின் விடுவிப்புச் செய்தியை வருடக்கணக்காகக் கேட்ட காதுக்கு வேறெப்படிப் படும்? விளக்கியதும் "அப்ப சரி" என்றா. ஆனாலும் முதல் தடவை கிழக்கில் அப்படித்தான் கேட்கும்.

அதே காரணத்தால் 'கன்சர்வேஷ'னுக்குப் 'பாதுகாப்பு' வேண்டாம் என்கிறேன். படையினரின் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயரில் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தவர்களிடம் 'காணிப் பாதுகாப்புத் திட்டம்' என்று நோட்டீஸ் கொடுத்துப் பாருங்கள், தெரியும். 'பேணல்' நல்ல சொல், கரையோரம் பேணல் திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கிறது.

ஆக 'விடுவெளி பேணல்'. இடையில் 'ப்' என்ற ஒற்று வருமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வந்தால் நல்லது, கட்டுரை திங்கள் அச்சுக்குப் போகிறது. 'கட்டாவெளி'யை முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன், அண்ணன் கோபிக்கக் கூடாது.