சாகப் போற நேரத்துல அப்பா சொன்ன கடன், குடுக்கணுமா வேண்டாமா?

பொழிமுகம்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பேரு வேண்டாம், தூத்தூர் பக்கம் கடக்கரைன்னு வச்சுக்குங்க. அப்பா போன மாசம் தவறிட்டாரு. கிட்னி ஃபெயிலியர், டயாலிசிஸ் போயிட்டிருந்துச்சு, இனி ஒடம்பு தாங்காதுன்னு சொன்னதும் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். நான் ஷார்ஜாவுல வேலை, லீவு சொல்லிட்டு ஓடி வந்தேன், கடைசி வாரம் பக்கத்துல இருக்க முடிஞ்சுது.

விஷயம் என்னன்னா, சாகுறதுக்கு கொஞ்ச நாள் முன்னால ஒரு ராத்திரி அப்பா கட்டிலுக்கு கால்மாட்டப் பாத்து பேச ஆரம்பிச்சாரு. "வா, உக்காரு, ஈரத்தோட நிக்காத"ங்காரு. யாருப்பான்னு கேட்டா, கூட தொழிலுக்குப் போன கூட்டாளி பேரச் சொல்லுதாரு. அவரு 2017 ஒக்கிப் புயல்ல போனவரு, பாடி கெடைக்கவே இல்ல. கொஞ்ச நேரம் மொனங்கிட்டு கெடந்துட்டு திடீர்னு என் கையப் புடிச்சு "இன்ஜினுக்கு அவன்கிட்ட ஒன்றரை லட்சம் வாங்கினேன், திருப்பிக் குடுக்கல, அவன் பொண்டாட்டிகிட்ட குடுத்துரு"ன்னாரு. தெளிவாத்தான் சொன்னாரு. ஆனா காலைல கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்ல, என்னையே சித்தப்பா பேரச் சொல்லி கூப்பிடுதாரு. அதுக்குப் பொறவு பேச்சே கொறஞ்சு போச்சு.

எழுத்து ஒண்ணும் கெடையாது. இன்ஜின் வாங்கினது அம்மாவுக்கு தெரியும், பைசா எங்கேந்து வந்துச்சுன்னு தெரியாது. அந்த அக்கா இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டதில்ல, ஒருவேளை அவங்களுக்கே தெரியாம இருக்கலாம். அம்மா "கடனோட அவரு போகப்படாது, குடுத்துரு"ங்கா. தம்பி ஒத்துக்கிடல. "அது ரத்தத்துல உப்பு ஏறி பேசின பேச்சு, அவங்களுக்கு கவர்மெண்டு 20 லட்சம் குடுத்தாச்சு, நம்ம ஆஸ்பத்திரி கடனே கழுத்த நெரிக்கு"ங்கான். அவன் சொல்றதும் பொய்யில்ல. ஆளு வந்து நின்னாருன்னு அப்பா சொன்னத நாங்க யாரும் நம்பல, அப்பம் அதே மூச்சுல சொன்ன கடன மட்டும் எப்படி நம்புறது? இதான் என் கேள்வி.

சந்தேகப்பிராணி

அப்பாவுக்கு அஞ்சலி தம்பி. நான் நாகர்கோவில்காரன், சாமி பேய் ஒண்ணும் நம்பாத ஆளு, அதனால கொஞ்சம் வறட்டுத்தனமா இருந்தா பொறுத்துக்கிடுங்க.

நாம பாக்குறதே பாதி மூளை கட்டுற கதைதான். ரெண்டு கண்ணுலயும் நரம்பு வெளிய போற எடத்துல ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, அங்க எதுவுமே தெரியாது, ஆனா ஒரு கண்ண மூடிட்டு சுத்திப் பாத்தாலும் உங்களுக்கு ஓட்டை தெரியுதா? தெரியாது. சுத்தி இருக்கத வச்சு மூளை அடைச்சிரும். நல்லா இருக்கவன் மூளையே அப்படின்னா யூரியா ஏறின மூளைய கேக்கணுமா. ஞாபகமும் அப்படித்தான், பீரோவுலேருந்து எடுத்துட்டு வர்றது இல்ல, ஒவ்வொரு தடவையும் புதுசா செய்யறது. உங்க அப்பா வாங்கினது நெசமா இருக்கலாம், திருப்பிக் குடுத்ததும் நெசமா இருந்து அது மட்டும் அழிஞ்சு போயிருக்கலாம். இல்ல அம்பதாயிரம் ஒன்றரை லட்சமா வளந்திருக்கலாம். விசாரிக்காம பைசா எடுத்து நீட்டாதீங்க, அவ்வளவுதான்.

மார்த்தாண்டம்_சிஸ்டர்

நான் நர்ஸ் மக்களே, வீட்டுக்குப் போய் கடைசி கட்ட நோயாளிகளப் பாக்குற வேலைல ரொம்ப வருஷம் இருந்தவ, இப்பம் ரிட்டயர்டு. நீங்க சொன்னதுல எனக்கு ஒண்ணும் புதுசா இல்ல, இத நாங்க டெலிரியம்னு சொல்லுவோம், கிட்னி போன ஆளுக்கு கழிவு ரத்தத்துல நின்னு போறதுனால வரும், இன்ஃபெக்‌ஷன்ல வரும், சோடியம் கொறஞ்சா வரும், வலி மருந்துலயும் வரும், சாயங்காலம் ஆனா கூடும், காலைல தெளிஞ்ச மாதிரி இருக்கும், பெறகு திரும்ப மங்கும். கிழமைய பின்னாலேருந்து சொல்லச் சொன்னா சொல்ல மாட்டாங்க, நடுவுல விட்டுருவாங்க. அதனால உங்க தம்பி சொன்னதுல மருத்துவப்படி தப்பில்ல.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். கொழம்பினவங்க பேசுறது பெரும்பாலும் ஆகாசத்துலேருந்து வர்ற பேச்சு இல்ல. ரப்பர் வெட்டினவரு படுக்கையில கெடந்து விரலால பட்டை சீவுவாரு, கத்தி கையில இருக்காது, அசைவு அப்படியே இருக்கும். பால் எடுக்க நேரமாச்சுன்னு நம்மள ஏசுவாரு. நேரமும் இடமும் தப்பு, ஆனா அந்த வேலை அவரு செஞ்சது தான. அப்படிப் பாத்தா ஆளு வந்து நின்னதும் கடனும் ஒரே தராசுல வைக்கிற சமாச்சாரம் இல்ல, ஒண்ணு பொய்யின்னா மத்ததும் பொய்யின்னு ஆகாது, நெசம்னும் ஆகாது, தனியா விசாரிக்கணும்.

இன்னொண்ணு, செத்தவங்கள பாக்குறது கிறுக்கு இல்ல. 1971ல வேல்ஸ் நாட்டுல டூயி ரீஸ்னு ஒரு குடும்ப டாக்டர், புருஷன் இல்லேன்னா பொண்டாட்டி எறந்து போன 293 பேருகிட்ட பேசியிருக்காரு. ஏறக்கொறைய பாதிப் பேரு எறந்தவங்க பக்கத்துல இருக்க மாதிரி உணர்ந்தோம், பாத்தோம், சத்தம் கேட்டோம்னு சொல்லியிருக்காங்க. அவங்க நோயாளிகளே இல்ல, நல்லா நடமாடுற ஆளுக. அதுலயும் பெரும்பாலானவங்க அதுவரை யார்கிட்டயும் வாய் தெறக்கல. நம்ம ஊர்லயும் கேதம் நடந்த வீட்டுல கேட்டுப் பாருங்க, பைய சொல்லுவாங்க.

கோர்ட்டு_குமாஸ்தா

சட்டத்த சொல்லிருதேன், பொறவு நீங்க என்ன வேணா பண்ணுங்க. கடன கேட்டு கேஸ் போட மூணு வருஷம்தான் டைம், லிமிடேஷன் ஆக்ட். அதுக்குள்ள எழுத்துல ஒத்துக்கிட்டதோ பாதி பைசா குடுத்ததோ இல்லேன்னா அது காலாவதி. அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது. பிள்ளைகளுக்குப் பொறுப்பு அப்பாகிட்டேருந்து வந்த சொத்து அளவுக்குத்தான், உங்க ஷார்ஜா சம்பளத்துல கை வைக்க முடியாது.

மரண வாக்குமூலம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சாகக் கெடக்கவன் சொன்னதெல்லாம் மரண வாக்குமூலம் இல்ல, எப்படிச் செத்தாரு, எதனால செத்தாருங்குற கேள்வி வந்தாத்தான் அது செல்லும். ஆனா பழைய எவிடென்ஸ் ஆக்டுல அதே 32வது பிரிவுல மூணாவதா ஒரு உட்பிரிவு உண்டு, பாதி ஆளுகளுக்கு தெரியாது. எறந்தவரு தன்னோட பைசாவுக்கு நட்டம் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லியிருந்தா, அத சாட்சியமா எடுக்கலாம். ஏன்னா எவனும் சும்மா "நான் கடன்காரன்"னு சொல்ல மாட்டான். அத நம்பணுமா வேண்டாமாங்குறது ஜட்ஜ் பாடு. புது சட்டத்துல பிரிவு நம்பர் மாறிட்டு, விஷயம் அதேதான்.

இடலாக்குடி_பாய்

எங்க வீடுகள்ல மையித்த எடுக்கதுக்கு முன்னால மகனோ அண்ணன் தம்பியோ ஜமாத்துக்கு முன்ன நின்னு சொல்லுவாங்க, "வாப்பாகிட்ட யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்கிட்ட வாங்க, நான் பொறுப்பு". அடக்கச் செலவு போக மொதல்ல கடன், பெறகு வஸியத்து, அதாவது உயில், அதுக்குப் பொறவுதான் பிள்ளைகளுக்கு பங்கு. எங்க வாப்பா மவுத்தானப்ப நான் அப்படி நின்னு சொன்னேன், சத்தியமா சொல்றேன் கால் நடுங்கிச்சு, எவன் என்ன கணக்கு கொண்டு வருவானோன்னு. கோட்டாறு கடைத்தெருவுலேருந்து ஒருத்தரு வந்தாரு, சின்னத் தொகைதான், சீட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. குடுத்தேன்.

தம்பி சொன்ன 20 லட்சம் பேச்சு மட்டும் எனக்கு ஏறல. அரசாங்கம் குடுத்தது ஆளு போனதுக்கு. உங்க அப்பா வாங்கினது ஆளு இருந்தப்ப. ரெண்டையும் கூட்டி ஒரே கணக்கா எழுதப்படாது.

தோப்புக்காரன்

நான் சாமித்தோப்பு பக்கம். எங்க அய்யாவழிப் பதிகள்ல, அதாவது கோயில்கள்ல, உள்ள கண்ணாடி இருக்கும் தெரியுமா, ரெண்டு பக்கமும் விளக்கு, முன்னால போய் நின்னா உன் மூஞ்சிதான் தெரியும். தலப்பா கட்டிட்டுத்தான் உள்ள போவோம். திருவிதாங்கூர் ராஜா காலத்துல எங்க ஆளுக தலைல துணி கட்டப்படாது, 1830கள்ல ஐயா வைகுண்டர்தான் கட்டுங்கலேன்னாரு, பெறகு அவர சிங்காரத்தோப்பு ஜெயில்ல போட்டதெல்லாம் பெரிய கதை, இங்க வேண்டாம்.

நான் கேக்கது இதான், ஊர்ல யாருக்கும் தெரியாத கடன், கேக்க ஆளும் இல்ல, இது மானப் பிரச்சனையா இல்லியா? ஊரு என்ன சொல்லும்னு பயந்து குடுக்கதுன்னா, ஊருக்குத்தான் தெரியாதே, குடுக்க வேண்டாம், சோலி முடிஞ்சு. ஆனா நீரு இங்க வந்து கேக்கேரு பாத்தீரா. உமக்கு தெரிஞ்சாச்சு வேய், அதான் தொந்தரவு. பேய் வந்துச்சா வரலியான்னு இனி ஆராய வேண்டாம், கடைசி நேரத்துல உம்ம அப்பாவுக்கு பிள்ளை, சொத்து, வலி எல்லாம் விட்டு அந்த இன்ஜின் பைசாதான் நெஞ்சுல நின்னுருக்கு. அத மட்டும் யோசிச்சுப் பாரும்.

சந்தேகப்பிராணி

@தோப்புக்காரன் அண்ணாச்சி பேச்சு நல்லாத்தான் இருக்கு, ஆனா நெஞ்சுல நின்னதெல்லாம் நெசம் கெடையாது. குடுத்து முடிச்ச கடனும் நெஞ்சுல நிக்கும். இன்ஜின் வாங்கின கடைல பழைய பில்லு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அதே போட்டுல போன வேற ஆளுக உயிரோட இருக்காங்களான்னும் பாக்கச் சொல்லுங்க.

பொழிமுகம்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. சந்தேகப்பிராணி அண்ணன் சொன்னபடி தேடினேன். அப்பாவோட பழைய தொழில் நோட்டு ஒண்ணு கெடச்சுது, டீசல், ஐஸ், தூண்டில், பங்கு எல்லாம் எழுதி வச்சிருக்காரு, உப்புத் தண்ணி பட்டு பாதி பக்கம் ஒட்டிக் கெடக்கு. இன்ஜின் வாங்கின மாசத்துல அந்தக் கூட்டாளி மாமா பேரு இருக்கு, பக்கத்துல தொகை இல்ல, தொகை எடத்துல ஒரு கோடு மட்டும் போட்டிருக்கு. மத்த பேருக்கெல்லாம் கணக்கு தீந்ததும் பேர அடிச்சு விட்டிருக்காரு, இது அடிக்கல. கூட தொழிலுக்குப் போன இன்னொரு மாமாகிட்ட கேட்டேன், "வாங்கினது வாங்கினதுதான், எவ்வளவுன்னு தெரியாது, திருப்பிக் குடுக்கதுக்குள்ள புயல் வந்துட்டு"ன்னாரு.

தம்பிகிட்ட நோட்டக் காட்டினேன். ஒண்ணும் பேசல, ஆனா வேண்டாம்னும் சொல்லல. தொகைய நான்தான் போடப் போறேன். இப்பம் வேற பிரச்சனை, அந்த அக்காகிட்ட போய் என்னன்னு சொல்லது? அப்பா பாத்தத, உக்காரச் சொன்னத, அப்படியே சொல்லட்டா? சொன்னா அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்னு அம்மா சொல்லுதா.

அலைவாய்க்கரை

தம்பி தயவு செஞ்சு சொல்லாத. அதுக்குத்தான் இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தவ இன்னைக்கு எழுதுதேன். எங்க அண்ணன் ஒக்கில போனவன். எங்களுக்கும் பாடி இல்ல. கல்லறைத் தோட்டத்துல பேரு எழுதின கல்லு இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல, அம்மா அங்க போக மாட்டா. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லேன்னா செத்ததா எடுத்துக்கலாம்னு சட்டம் சொல்லுதாம், அந்த ஏழு வருஷம் 2024லயே முடிஞ்சுது, அம்மா இன்னும் அவன் செருப்ப வெயில்ல காய வைக்கா. லட்சத்தீவு பக்கம் எங்கியாவது ஒதுங்கியிருப்பான், ஞாபகம் போயிருக்கும், ஏதாவது ஒரு நாட்டு ஜெயில்ல கெடப்பான், இதெல்லாம் ஒரு காலத்துல நாங்களும் பேசினதுதான்.

ஒரு நாளு எங்க பக்கத்து ஊர்க்காரரு ஒருத்தரு நல்ல எண்ணத்துலதான் வந்து சொன்னாரு, கனவுல உன் மகன் வந்தான், நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னான்னு. அம்மா அவருக்கு சாயா போட்டுக் குடுத்து அனுப்பினா. அவரு படி எறங்கினதும் என்னப் பாத்து கேட்டா, "அந்த ஆளுக்கு வந்தவன் எனக்கு ஏன் வரல?" அதுக்குப் பொறவு ரொம்ப நாள் ராத்திரி வாசக்கதவு தாழ்ப்பாள் போட விடல. உன் அப்பா கண்டது உன் அப்பாவோட. அத நீ எடுத்துட்டுப் போய் அந்த அக்கா வீட்டுல எறக்கி வைக்காத. செத்துட்டாருன்னு அவங்க மனசு ஒத்துக்கிடாம இருந்தா நீ போய் செத்துட்டாருன்னு சொன்ன மாதிரி ஆகும், ஒத்துக்கிட்டிருந்தா ஏன் எங்கிட்ட வரலன்னு ஆகும்.

மார்த்தாண்டம்_சிஸ்டர்

அந்தப் பொண்ணு சொன்னத கேளுங்க மக்களே. பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க அம்மா வியட்நாம் போர்ல காணாமப் போன விமானிகளோட குடும்பங்கள வச்சு 1970கள்லயே இத ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, பாடி கெடைக்காத சாவுல துக்கம் முடியவும் செய்யாது, ஆரம்பிக்கவும் செய்யாது, அப்படியே நடுவுல உறைஞ்சு நிக்கும்னு. எங்கிட்ட கேட்டாலும் நான் இதான் சொல்லுவேன், அந்த அக்காவே என்னைக்காவது வாயத் தெறந்து "உங்க அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா"ன்னு கேட்டா சொல்லுங்க, அதுவரைக்கும் வேண்டாம்.

பொழிமுகம்_பையன்

செரிக்கா, சொல்லல. அப்பம் பைசாவ என்னன்னு சொல்லி குடுக்கது? உதவின்னு சொன்னா வாங்க மாட்டாங்க, ரோஷக்காரங்க, மீன் வித்துத்தான் பிள்ளைய படிக்க வச்சாங்க.

அலைவாய்க்கரை

உதவின்னு சொல்லவே சொல்லாத. நோட்ட கையோட கொண்டு போ. அந்தப் பக்கத்த தெறந்து காட்டி, "அப்பா நோட்டுல மாமா கணக்கு அடிக்காம கெடக்கு, இன்ஜினுக்கு ஒன்றரைன்னு அப்பா சொல்லிருக்காரு, உங்க வீட்டுக் கணக்குல கூடுதலா ஏதும் தெரியுமா"ன்னு கேளு. அவங்ககிட்ட வேற தொகை இருந்தா அதையும் கேட்டுக்க. வாங்கினதும் அவங்க கையாலயே அந்தப் பேர அடிக்கச் சொல்லு, பேனா நீ கொண்டு போ. கவர்ல போட்டு மேல பூவெல்லாம் வச்சு துட்டி வீட்டு மொய் மாதிரி நீட்டாத, எண்ணிக் குடு.

தம்பியையும் கூட்டிட்டுப் போ, பொறவு ஒரு நாளும் நீ மட்டும் குடுத்தன்னு பேச்சு வரப்படாது. அப்புறம் மீன் விக்கப் போறவங்கன்னா காலைல போகாத, ஏலம் முடிஞ்சு சந்தைக்குப் போயிருவாங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேல போ, அப்பம்தான் குளிச்சு சாப்ட்டு உக்காந்திருப்பாங்க.