வடக்கு ஒன்ராறியோவில் பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான் சிறுவர் மனநல சிகிச்சையாளர். கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில், உறைந்த ஏரிகள்மேல் பனிச்சாலை போடும் குளிர்காலம் தவிர விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு பூர்வகுடிச் சமூகத்தில் விரைவில் வேலை தொடங்குகிறேன். சில நாள் நேரில், மற்ற நாட்களில் தொலைபேசியில்.

கனடாவின் உறைவிடப் பள்ளிகள் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தன, தாய்மொழி பேசினால் தண்டித்தன. கடைசிப் பள்ளிகள் மூடியது 1990களில்தான். அங்கே படித்த பலர் இன்றைய பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள். வெளியாள் ஒருவர் வந்து மனதில் இருப்பதைச் சொல் என்றால் பிள்ளை வாய் திறக்காதது நியாயம்தான். அதை நோயின் அறிகுறி என்று கோப்பில் எழுத எனக்கு மனமில்லை.

சமூகத்து மூத்தவர்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ள முதலில் யாரிடம் பேச வேண்டும்? எல்லாரும் உறவாக இருக்கும் சிறிய இடத்தில் பிள்ளை சொன்னதை எப்படி ரகசியமாகக் காக்கிறீர்கள்? அப்புறம், உயர்நிலைப் பள்ளிக்காக வீட்டைவிட்டுத் தண்டர் பே நகருக்குப் போகும் பிள்ளைகள். எனக்குப் பெரிய கவலை அவர்கள்தான். சிகிச்சை பாதியில் அறுந்துவிடாமல் எப்படித் தொடர்கிறீர்கள்? ஜோர்டான் கோட்பாட்டின்கீழ் (பூர்வகுடிப் பிள்ளைகளுக்குத் தேவையான சேவை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கனடா விதி) வரும் நிதி வயது வந்ததும் நின்றுவிடுமே, அதற்குப் பிறகு என்ன வழி?

அங்கே வேலை செய்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளைகளை அடையாளம் காட்டும் விவரம் மட்டும் வேண்டாம்.